குதிரை திடீரெனச் சாய்ந்தால் முதலில் தீனி மூட்டையைப் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் கேத்திக்குப் பக்கத்தில் ஐந்து குதிரைகள் வைத்துத் தடை தாண்டும் போட்டிக்குப் பழக்குகிற ஒருவர் கேட்டிருக்கிறார். முந்தின நாள் மாலை நன்றாக வேலை செய்த இரண்டு குதிரைகள் விடியற்காலையில் வியர்த்து நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றன. ஒன்று மதியத்துக்குள் இறந்துவிட்டது. இன்னொன்று நிற்கிறது, ஆனால் தீனியில் வாய் வைக்கவில்லை. மற்ற மூன்றுக்கும் ஒன்றுமில்லை. "யாராவது விஷம் வைத்திருப்பார்களா? இல்லை, வேலியோரச் செடி எதையாவது தின்றிருக்குமா?"

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். குதிரையை இழந்தவருக்கு அது வீட்டில் ஒரு ஆள் போனது போலத்தான். நீங்கள் கேட்ட இரண்டுக்குமே வாய்ப்பு உண்டு, ஆனால் குறைவு. இந்த மலையில் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்த வருடங்களில் நான் கண்ட திடீர் விஷச் சாவுகளில் பெரும்பாலானவை குதிரையை உயிராய் நினைத்தவர் கை வழியாகவே வந்தன. தீனி வாளி, சத்து ஊசி, உண்ணி மருந்து, எலி மருந்து, இவைதான் திரும்பத் திரும்ப வரும். அதனால் "யார் செய்தார்கள்" என்பதைத் தள்ளி வைத்துவிட்டு, செத்துப்போன குதிரைக்கும் சாப்பிடாமல் நிற்கும் குதிரைக்கும் மட்டும் பொதுவாக இருந்தது என்ன, மற்ற மூன்றுக்கும் கிடைக்காதது என்ன என்று கேளுங்கள். கடைசி 48 மணி நேரத்தில் அவற்றின் வாய்க்குள்ளும் தோலுக்குள்ளும் போன ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். சைஸையும், அதாவது குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளையும், பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத்தான் எல்லாம் தெரியும். "உன்னால்தான்" என்கிற குரலில் கேட்டால் அவர் பயந்து எதையாவது மறைத்துவிடுவார். நிதானமாகக் கேளுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. திடீர்ச் சாவு எல்லாமே விஷம் அல்ல. குடல் முறுக்கிக்கொண்டு வரும் சூலை, அதாவது கடும் வயிற்றுவலி, ஒரே இரவில் கொன்றுவிடும். கடும் பயிற்சிக்குப் பிறகு தசை உடைந்து சிறுநீர் காப்பி நிறத்தில் போவதும் உண்டு. முக்கியமாக அடைப்பான் நோய் (ஆந்த்ராக்ஸ்). செத்த உடம்பில் மூக்கு, வாய், ஆசனவாய் வழியாகக் கறுத்த ரத்தம் உறையாமல் ஒழுகினால் யாரும் கத்தி வைக்கக் கூடாது. அறுத்தால் கிருமி மண்ணில் இறங்கிப் பல வருடம் கிடக்கும், அறுத்தவருக்கும் ஆபத்து. கால்நடை மருத்துவர் வந்து காது நுனியிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். ஒரே நேரத்தில் இரண்டு குதிரைகள், ஒரே மாதிரி அறிகுறி, காய்ச்சல் இல்லை என்றால் விஷத்தின் பக்கம் சந்தேகம் திரும்புவது நியாயம்.

குதிரைக்கு இதில் ஒரு பிறவிக் குறை உண்டு. அதால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையின் மேல்வாய் அவ்வளவு இறுக்கம். நாய் தவறானதைத் தின்றால் கக்கிவிடும். மாட்டுக்குப் பெரிய முதல் வயிறு இருக்கிறது, அங்கே கிருமிகள் பல விஷங்களை உடைத்துவிடும். குதிரை விழுங்கியது நேராகக் குடலுக்குப் போய் ரத்தத்தில் கலக்கிறது. அதோடு போட்டிக் குதிரைக்கு நாம் ஒரே வேளையில் கிலோக் கணக்கில் அடர் தீனி வைக்கிறோம். மேய்கிற மட்டக்குதிரை எதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், கசந்தால் விட்டுவிடும். வெல்லப்பாகு கலந்த தீனியில் கசப்பும் தெரியாது.

இப்போது தீனிக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் விஷயத்தில் என் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

கறிக்கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமல் இருக்கத் தீவனத்தில் சில மருந்துகளைக் கலப்பார்கள். மொனென்சின், சாலினோமைசின், மதுராமைசின் என்று பெயர்கள். மொத்தமாக அயனோஃபோர் என்போம். கோழிக்கு நல்ல மருந்து. மாடும் ஓரளவு தாங்கும், மொனென்சினை மாட்டுத் தீவனத்தில் சேர்ப்பதும் உண்டு. குதிரைக்கு அது எமன். மொனென்சினில் பாதிக் கோழிகளைக் கொல்ல உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 200 மில்லிகிராம் வேண்டும், குதிரைக்கு 2 முதல் 3 மில்லிகிராம் போதும். சாலினோமைசின் இன்னும் மோசம், கிலோவுக்கு 0.6 மில்லிகிராம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கறிக்கோழித் தீவனத்தில் சாலினோமைசின் வழக்கமாகக் கிலோவுக்கு 60 மில்லிகிராம் அளவில் இருக்கும். உங்கள் குதிரை 450 கிலோ என்றால் கொல்லக்கூடிய அளவு 270 மில்லிகிராம். நாலரைக் கிலோ தீனி. போட்டிக் குதிரை ஒரு நாளில் தின்கிற அடர் தீனியே அவ்வளவு இருக்கும். கோழித் தீவனத்தைத் தெரிந்து யாரும் குதிரைக்கு வைப்பதில்லை. ஆனால் நமக்கு வரும் தீனியில் பெரும்பகுதி கீழிருந்துதான் ஏறுகிறது. பல்லடம், உடுமலை பக்கம் கறிக்கோழி, நாமக்கல் பக்கம் முட்டைக்கோழி என்று அந்த வட்டாரம் முழுக்கத் தீவன ஆலைகள். ஒரே கலவை இயந்திரத்தில் காலையில் கோழித் தீவனம், மாலையில் குதிரைத் தீவனம் ஓடினால், நடுவில் சும்மா ஒரு தவிடு ஓட்டிக் கழுவி எடுக்காவிட்டால், முதலில் இறங்கும் சில மூட்டைகளில் பழைய மருந்து தங்கியிருக்கும். அதனால்தான் ஒரே லாரியில் வந்த பத்து மூட்டையில் எட்டு சரியாக இருக்கும், இரண்டு கொல்லும்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஜனவரி மாதம். தலைக்குந்தா புல்வெளி எல்லாம் உறைபனி படிந்து வெள்ளையாகக் கிடந்த காலை. லவ்டேல் பக்கம் ஒரு லாயத்திலிருந்து போன் வந்து போனேன். நான்கு குதிரைகள். மூச்சு விட்டால் புகை வருகிற குளிரில் இரண்டு குதிரைகள் கழுத்திலிருந்து தொடை வரை வியர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தன. கம்பளி போட்டிருந்தார்கள், அது நனைந்து கனத்துத் தொங்கியது. தாடைக்கடியில் விரல் வைத்து நாடி பார்த்தேன். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். 84. அதுவும் ஒழுங்காக இல்லை, இரண்டு துடிப்பு வரும், ஒன்று விட்டுப்போகும். கழுத்து நரம்பு தாடை வரை ஏறி ஏறி இறங்கியது. மூன்றாவது குதிரை சோர்ந்து நின்றது. நாலாவது ஒரு சாம்பல் நிறப் பெண் குதிரை. அதற்கு மட்டும் ஒன்றுமில்லை.

லாயத்தில் வயதான சைஸ் ஒருவர் இருந்தார். அவர்தான் சொன்னார்: "டாக்டர் சார், நேத்து ராத்திரி புது மூட்டை பிரிச்சோம். வாசனை வேற மாதிரி இருந்துச்சு. இவ மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா, பாதிக்கு மேல திங்கவே இல்ல." மூட்டையைக் கொண்டுவரச் சொன்னேன். பழைய மூட்டைகள் சிவப்பு நூலில் தைத்திருந்தன, இது நீல நூல். சீட்டு இல்லை. ஒரு கை அள்ளி உள்ளங்கையில் பரப்பினேன். விரல் பருமன் குச்சித் தீவனத்துக்கு நடுவே சின்னச் சின்னதாக, கோழிக்குஞ்சுக்குப் போடுகிற நொய் மாதிரி வேறு ஒரு நிறத்தில் துகள்கள். அந்தக் கைப்பிடியே எனக்குப் பாதி பதில் சொல்லிவிட்டது. பிறகு ஆய்வகத்திலும் சாலினோமைசின் என்றுதான் வந்தது.

அன்று ஒரு தவறும் நடந்தது, அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வியர்த்த குதிரைகளில் ஒன்றைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று குதிரையின் சொந்தக்காரர் வண்டி சொல்லியிருந்தார். நானும் அழுத்தமாகத் தடுக்கவில்லை. வண்டியின் சாய்வுப் பலகையில் நாலு அடி ஏறியது, முன்னங்கால் மடிந்தது, அவ்வளவுதான். இந்த விஷம் இதயத் தசையைத்தான் பிடிக்கிறது. நின்றால் தாங்குகிற இதயம், ஏறினால் தாங்காது. அதற்குப் பிறகு இப்படிப்பட்ட எந்தக் குதிரையையும் நான் இடத்தை விட்டு நகர்த்த விட்டதில்லை. உங்கள் இரண்டாவது குதிரையும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். மருத்துவர் அங்கே வரட்டும்.

தீனியில் வேறு சிலவும் வரும். மக்காச்சோளம் பூஞ்சை பிடித்தால், அதிலும் ஒரு வகை இளஞ்சிவப்புப் பூஞ்சை பிடித்தால், அதிலிருந்து வரும் ஃபியூமோனிசின் என்ற நஞ்சு குதிரையின் மூளையையே கரைத்துவிடும். கண் தெரியாமல் சுவரில் தலையை அழுத்தி நிற்கும், ஒரே பக்கமாகச் சுற்றும், சில நாளில் விழுந்துவிடும். கெட்ட தீனியை ஒன்றிரண்டு வாரம் தின்ற பிறகுதான் காட்டும் என்பதால் யாரும் தீனியைச் சந்தேகிப்பதில்லை. வெறிநோயும் பார்ப்பதற்கு இப்படியே இருக்கும் என்பதால் கையுறை இல்லாமல் வாயில் கை விடாதீர்கள். ஜூன் தொடங்கி நம் ஊரில் காயாத மழையும் மூடுபனியும். சிமெண்ட் தரையில் நேராக அடுக்கிய மூட்டையின் அடிப்பக்கம் ஈரம் இழுத்து ஒரு மாதத்தில் கட்டி தட்டும். மரச்சட்டம் போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். கட்டி தட்டியதை உடைத்துக் கலந்து வைப்பதைவிடக் குப்பையில் போடுவது லாபம்.

இப்போது மாட்டுக்கென்று பிளாஸ்டிக் பையில் அடைத்த மக்காச்சோள சைலேஜ், அதாவது ஊறுகாய்த் தீவனம், எங்கும் கிடைக்கிறது. வாசனை நன்றாக இருக்கிறது, குதிரையும் ஆசையாகத் தின்கிறது என்று வைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். காற்றுப் புகாத பைக்குள் செத்த எலியோ பாம்போ மாட்டியிருந்தால் பொட்டுலிசக் கிருமி அங்கே நஞ்சு கக்கும். குதிரை அந்த நஞ்சுக்கு மிகவும் பலவீனமான பிராணி. நாக்கை வெளியே இழுத்தால் உள்ளே இழுத்துக்கொள்ள முடியாமல் தொங்கும், வால் துணி மாதிரி துவளும், தண்ணீர் மூக்கு வழியே வரும். அறிவு மட்டும் கடைசி வரை தெளிவாக இருக்கும். பார்ப்பதற்குக் கொடுமையான சாவு.

குதிரைமசால் காய்ந்த கட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பயறு வகைப் பூக்களில் மொய்க்கும் கொப்புள வண்டுகள் அறுவடையில் நசுங்கிக் கட்டுக்குள் மாட்டிக்கொண்டால், அவற்றிலுள்ள காந்தாரிடின் காய்ந்த பிறகும் வீரியம் குறையாது. வாய், இரைப்பை, சிறுநீர்ப்பை எல்லாம் வெந்துபோகும். குதிரை தண்ணீர்த் தொட்டியில் வாயை விட்டுக் கலக்கிக்கொண்டே நிற்கும், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடும். அமெரிக்காவில் இது பேர்போன தொல்லை. இங்கே நான் நேரில் பார்த்ததில்லை, ஆனால் பூத்த பிறகு அறுத்த கட்டாக இருந்தால் உதறிப் பார்த்து வைப்பேன்.

ஆமணக்குப் புண்ணாக்கை மறக்காதீர்கள். காய்கறித் தோட்டத்துக்கும் தேயிலைக்கும் உரமாக வாங்கி வைத்திருப்பார்கள். கடலைப் புண்ணாக்கு மூட்டைக்குப் பக்கத்திலேயே கிடக்கும். இருட்டில் மாற்றி அள்ளினால் முடிந்தது. அதிலுள்ள ரிசின் நஞ்சைக் குதிரை தாங்கவே தாங்காது. உரமும் தீனியும் ஒரே அறையில் இருக்கக் கூடாது என்பதை நான் போகிற ஒவ்வொரு லாயத்திலும் சண்டை போட்டுச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்தது ஊசி. விளையாட்டுக் குதிரை உலகத்தில் திடீர் விஷத்துக்கு மிகப் பெரிய உதாரணம் ஊசியால் வந்ததுதான். 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் தேசியப் போலோ போட்டி. ஊரின் பெயர் வெலிங்டன், நம் குன்னூர்ப் பக்கத்து வெலிங்டன் பெயரேதான். வெனிசுவேலாவைச் சேர்ந்த லெச்சுசா கராகஸ் அணியின் குதிரைகள் ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியிலிருந்து இறங்கும்போதே தள்ளாடின. ஒன்றன் பின் ஒன்றாக 21 குதிரைகள் செத்தன. வெளியிலிருந்து யாரோ விஷம் வைத்தார்கள் என்றுதான் முதலில் எல்லாரும் பேசினார்கள். உண்மையில் நடந்தது வேறு. களைப்பு நீங்க என்று கொடுக்கும் பயோடில் என்ற சத்து ஊசிக்கு அந்த நாட்டில் அனுமதி இல்லை. அதனால் அதே சேர்மானத்தில் ஒரு மருந்துக்கடையில் தனியாகத் தயாரித்து வாங்கினார்கள். தயாரிப்பில் ஒரு பொருளின் அளவு தவறிவிட்டது என்று அந்தக் கடையே ஒப்புக்கொண்டது. செத்த குதிரைகளின் ரத்தத்திலும் ஈரலிலும் செலினியம் என்ற தாதுச்சத்து மிக அதிகமாக இருந்தது. ஊசி போடாத குதிரைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்களிடம் நான் கேட்கச் சொன்ன கேள்விதான் அங்கேயும் உண்மையைக் காட்டியது.

செலினியம் இல்லாமலும் குதிரை வாழாது. ஆனால் ஒரு நாளைக்கு வேண்டியது 1 முதல் 3 மில்லிகிராம் மட்டும். நம் லாயங்களில் நடப்பது என்ன? தீனியில் ஏற்கெனவே தாது உப்பு இருக்கும். அதன்மேல் ஒரு பவுடர். டிரெய்னர் சொன்னார் என்று ஒரு டானிக். போட்டிக்கு முதல் நாள் ஒரு ஊசி. நாலிலும் செலினியம் இருக்கும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அளவுதான், கூட்டிப் பார்க்க ஆள் இல்லை. உங்களிடம் உள்ள எல்லா டப்பாக்களின் சீட்டையும் வரிசையாக வைத்து ஒரு தடவை கூட்டிப் பாருங்கள், தயவுசெய்து.

ரத்தம் கசியும் பந்தயக் குதிரைக்கு வைட்டமின் கே நல்லது என்று கே3 ஊசியை வாங்கிப் போடுகிற பழக்கம் இருந்தது. குதிரைக்கு அந்த மூன்றாம் வகை சிறுநீரகத்தைக் கொல்லும், கே1 வேறு. இரும்புச்சத்து ஊசியை நரம்பில் ஏற்றிய ஐந்தாவது நிமிடத்தில் ஒவ்வாமை வந்து விழுந்த குதிரையும் உண்டு. மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி போக அடிக்கிற அமிட்ராஸை மட்டும் குதிரை மேல் அடிக்கவே கூடாது. குடல் அசைவு நின்றுவிடும், சாணி கட்டி அடைத்துக்கொள்ளும். நம்மில் பலர் உண்ணி என்றால் மருந்துக்கடையில் பொதுவாகக் கேட்டு வாங்குகிறோம். கடைக்காரர் மாட்டுக்கென்று நினைத்துக் கொடுத்துவிடுகிறார். "குதிரைக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள்.

பூச்சிமருந்து. கேத்தி பள்ளத்தாக்கு முழுக்க உருளைக்கிழங்கு, கேரட், முட்டைகோஸ். அதற்கு மேலே தேயிலை. நீங்கள் அந்த நடுவில்தான் இருக்கிறீர்கள். பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து உள்ளே போனால் வாயில் நுரையும் எச்சிலும் ஒழுகும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், தசை துடிக்கும், வயிற்றுப்போக்கு, வியர்வை. இதற்குக் கையில் மருந்து உண்டு, அட்ரோபின். அதை மருத்துவர்தான் அளந்து போட வேண்டும், கூடினால் குடல் நின்றுவிடும். எப்படி உள்ளே போகிறது என்றால், வயலோரப் புல்லை அறுத்துவந்து வைப்பது, மருந்து கலந்த பக்கெட்டிலேயே தண்ணீர் காட்டுவது, மருந்து வந்த சாக்கில் தீனி கட்டுவது. பக்கத்துத் தோட்டக்காரரிடம் நல்ல முகம் வைத்துக்கொண்டு, என்றைக்கு என்ன அடிக்கிறார் என்று கேட்டுக்கொள்வது பெரிய பாதுகாப்பு.

தீனி அறையில் எலிக்கு வைக்கிற துத்தநாக பாஸ்பைடு மாவு உருண்டை, தானியத்தில் வண்டு விழாமல் போடுகிற அலுமினிய பாஸ்பைடு மாத்திரை, இரண்டுமே ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயுவை விடும். அழுகிய மீன் அல்லது பூண்டு மாதிரி வாடை அடிக்கும். குதிரை வியர்த்து, நடுங்கி, வயிறு வலித்து, ஒரே நாளில் போய்விடும். உங்கள் குதிரைகளின் அறிகுறிக்கு இதுவும் பொருந்தும். ஓட்ஸ் மூட்டைக்குள் யாரும் மாத்திரை போட்டு வைத்தார்களா என்று கேளுங்கள். மாத்திரை கரைந்து சாம்பல் பொடியாகக் கிடக்கும்.

சரி, செடிகள். நீங்கள் முதலில் கேட்டது அதைத்தான், நான் கடைசியில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பசி இல்லாத குதிரை பெரும்பாலும் விஷச்செடியைத் தொடாது. தொடுவது மூன்று நிலையில்: வறட்சியில் வேறு ஒன்றும் இல்லாதபோது, காய்ந்த புல் கட்டில் கலந்து அடையாளம் தெரியாமல் போனபோது, பக்கத்து பங்களாவில் வேலி வெட்டிய தழையைக் குதிரைக்குத்தானே என்று அன்பாக இந்தப் பக்கம் போட்டபோது. மூன்றாவதுதான் உதகையிலும் குன்னூரிலும் அதிகம்.

வேகமாகக் கொல்வதில் அரளிதான் முதல். பத்து இருபது இலை ஒரு பெரிய குதிரைக்குப் போதும், காய்ந்தாலும் விஷம் போகாது. நம் உயரத்தில் குறைவு, ஆனால் சமவெளியிலிருந்து வரும் புல் கட்டில் வரலாம். பூந்தோட்டங்களில் உள்ள டிஜிட்டாலிஸும் இதயத்தைத்தான் தாக்கும். வேலியோரம் தலைகீழாக மணி போல வெள்ளைப் பூத் தொங்குகிறதே, அது ஊமத்தையின் உறவு. தின்றால் கண்மணி விரியும், குடல் நிற்கும், சூலை வரும். மேல்மலையில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசும், அதாவது ரோடோடென்ட்ரானும், நஞ்சுதான். குன்னூருக்குக் கீழே பட்டர் ஃப்ரூட் மரத்தடியில் குதிரையைக் கட்டுகிறவர்கள் உண்டு. பழம் நமக்கு நல்லது, இலை குதிரையின் இதயத்தைக் கெடுக்கும், உதடும் தலையும் கழுத்தும் வீங்கிவிடும். இவை எதுவும் தின்றிருந்தால் வாயிலோ இரைப்பையிலோ இலைத் துணுக்குக் கிடைக்கும். பிரேதப் பரிசோதனையில் அதைத் தேடச் சொல்லுங்கள்.

இன்னொரு வகை மெதுவாக வேலை செய்து திடீரென்று முடிப்பது. நீலகிரியில் ஓடை ஓரம், சாலை ஓரம், விட்டுப்போன தேயிலைக் காடு எங்கும் வெள்ளைப் பூக் கொத்தோடு மண்டிக் கிடக்கும் யூபடோரியம் தெரியும்தானே? ஆடு மாட்டைவிடக் குதிரையின் நுரையீரலைத்தான் அது குறிவைத்துப் பாழாக்கும். பூக்கும் பருவத்தில் மிகவும் மோசம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே செடியால் வந்ததை நுமின்பா குதிரை நோய் என்று பெயர் வைத்தே அழைத்தார்கள். மாதக்கணக்கில் தின்றால் முதலில் லேசான இருமல், அப்புறம் மூச்சு சீக்கிரம் வாங்கும், ஒருநாள் நாலுகால் பாய்ச்சலில் விழும். பார்த்தவர்கள் திடீர்ச் சாவு என்பார்கள். கிலுகிலுப்பை வகைச் செடிகள் ஈரலில் இதே மாதிரி மறைந்து வேலை செய்யும். பெரணியை வாரக்கணக்கில் தின்ற குதிரை தள்ளாடும், அதற்கு மட்டும் தயமின் (வைட்டமின் பி1) ஊசி நல்ல பலன் கொடுக்கும். உங்கள் குதிரைகளுக்கு ஒரே இரவில் வந்ததால் இவற்றை நான் பின்னால்தான் வைப்பேன்.

இனி இன்றைக்கே செய்ய வேண்டியது. ஐந்து குதிரைகளுக்கும் இப்போதுள்ள தீனியை நிறுத்துங்கள், நன்றாக இருக்கும் மூன்றுக்கும் சேர்த்துத்தான். பழைய, நம்பகமான காய்ந்த புல்லும் சுத்தமான தண்ணீரும் மட்டும். மோர், முட்டை, புளித்தண்ணீர், எண்ணெய் என்று மூங்கில் குழாயில் யாரும் வாயில் ஊற்றக் கூடாது. நடுங்குகிற குதிரைக்கு அது நேராக நுரையீரலுக்குப் போகும். மருத்துவர் மூக்கு வழியே குழாய் விட்டு அடுப்புக்கரி அல்லாத மருத்துவக் கரித்தூளைக் கரைத்து இரைப்பையில் விடுவார். 450 கிலோ குதிரைக்கு அரைக் கிலோவுக்குக் குறையாமல் வேண்டும், அதனால் போனில் கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள், கொண்டு வரட்டும். ஆள் கிடைக்காவிட்டால் கால்நடை அவசர உதவி எண் 1962-க்கு அழையுங்கள். உயிரோடு இருக்கும் குதிரையின் ரத்தத்தில் ட்ரோபோனின் பார்க்கச் சொல்லுங்கள், இதயத் தசை அடிபட்டிருந்தால் அது காட்டிக்கொடுக்கும்.

மாதிரி எடுப்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். கோபத்தில் மூட்டையைக் கொட்டி எரித்துவிட்டு, பிறகு என்னிடம் காரணம் கேட்டவர்கள் உண்டு. மூட்டையின் மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடத்தில் இரண்டு இரண்டு கிலோ தனித்தனியாக எடுங்கள். சீட்டையும் தையல் நூலையும்கூட வையுங்கள், தயாரிப்பு எண் சீட்டில்தான் இருக்கும். காய்ந்த தீனி காகிதப் பையில், ஈரமானது குளிர்ப்பெட்டியில். வாளியின் அடியில் மிச்சம் இருந்தால் கழுவாதீர்கள். ஊசி மருந்துக் குப்பிகள் குப்பையில் போயிருந்தாலும் தேடி எடுங்கள். அடைப்பான் இல்லை என்று உறுதியானபின் பிரேதப் பரிசோதனையில் இரைப்பைக்குள் கிடக்கும் தீனி, ஈரல், சிறுநீரகம், இதயம், சிறுநீர் எடுக்கச் சொல்லுங்கள். மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு வழியாகவோ சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்பலாம். "விஷம் இருக்கிறதா" என்று மட்டும் எழுதி அனுப்பினால் ஆய்வகத்தால் ஒன்றும் செய்ய முடியாது. அயனோஃபோர், பாஸ்பைடு, பாஸ்பரஸ் பூச்சிமருந்து, செலினியம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதாக இருந்தால் மாதிரியை மருத்துவர் முன்னிலையில் முத்திரை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒரு பங்கு உங்களிடமும் இருக்கட்டும்.

அதே தீனியை வாங்கிய மற்றவர்களுக்கும் இன்றே சொல்லிவிடுங்கள். லவ்டேல் சம்பவத்தில் கடைக்காரரிடம் கேட்டு, அதே நீல நூல் மூட்டை வாங்கிய இன்னொரு லாயத்துக்கு நாங்கள் போன் செய்தபோது அவர்கள் அப்போதுதான் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

உயிர் பிழைத்து நிற்கிற உங்கள் குதிரை பத்து நாளில் பழையபடி தின்னும், துள்ளும். பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அயனோஃபோராக இருந்தால் இதயத்தில் தழும்பு விழுந்திருக்கலாம், அது வெளியே தெரியாது. வாரங்கள் கழித்து, மாதங்கள் கழித்து, தடை தாண்டும்போது மேலே ஆள் இருக்கும் நிலையில் நின்றுவிடும். இரண்டு மாதம் சேணம் வேண்டாம். அதன் பிறகு ஓய்விலும் ஓட்டத்துக்குப் பின்னும் இதயத்தை ஸ்கேனும் ஈசிஜியும் எடுத்துப் பார்த்து, மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் யாரையும் அதன்மேல் ஏற்றுங்கள். அதற்குள் ஆய்வக முடிவு வந்தால் எனக்கும் தெரிவியுங்கள், அடுத்து என்ன பார்ப்பது என்று சேர்ந்து யோசிக்கலாம்.